பேராசிரியருக்கு மெயில் எழுதுவது எப்படி: வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"மேடம் இன்டர்னல் மார்க் எப்ப போடுவீங்க." அவ்வளவுதான் மெயில். தலைப்பு வரி காலி. பதிவு எண் இல்லை, எந்தப் பாடம் என்றும் இல்லை. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கெத்து விக்கி'. நேரம் இரவு 11:48. செமஸ்டர் நெருங்கும்போது காட்பாடியில் இருந்து வாணியம்பாடி வரை எந்தக் கல்லூரி ஆசிரியரின் இன்பாக்ஸைத் திறந்தாலும் இந்த ரகத்தில் நாலைந்து கிடக்கும்.

எழுதிய பையன் மரியாதை தெரியாதவன் இல்லை. அவனே நேரில் வந்தால் டிபார்ட்மென்ட் வாசலில் நின்று, மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிக்கொண்டு, "உள்ளே வரலாமா மேடம்" என்று கேட்டுவிட்டுத்தான் காலெடுத்து வைப்பான். நம் ஊரில் ஆசிரியருக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியை யாரும் வாயால் சொல்வதே இல்லை. நிற்கிற விதம், குரலைத் தாழ்த்துவது, அவர் போன் பேசி முடிக்கும்வரை ஓரமாகக் காத்திருப்பது என்று உடம்பே சொல்லிவிடும். மெயிலில் உடம்பு இல்லை. சொற்கள் மட்டும் மொட்டையாகப் போய் நிற்கும். படிக்கிறவருக்கு அது அதட்டலாகக் கேட்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து பஸ்ஸில் வந்து போன ஒரு பெண், அவள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள், ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் இருந்து மெயில் வந்தது. "மேடம், வெள்ளிக்கிழமை போர்டில் போட்ட இன்டக்ரேஷன் கணக்கில் மூன்றாவது வரியில் இருந்து நான்காவது வரி எப்படி வந்தது என்று புரியவில்லை. நான் போட்டுப் பார்த்ததை போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன்." போட்டோவில் பென்சிலால் போட்ட கணக்கு. இரண்டு முறை அடித்துத் திருத்தியிருந்தாள். ஓரத்தில் தனக்குத் தானே ஒரு கேள்விக்குறி. அவள் மாட்டிக்கொண்ட அதே இடத்தில்தான் வகுப்பில் பாதிப் பேர் மாட்டியிருந்தார்கள் என்பது மறுநாள் அந்த வரியைத் திரும்ப நடத்தியபோது தெரிந்தது. நேரில் அவள் வாயைக் கட்டிப்போட்ட மரியாதை, ஆள் முகம் தெரியாத இடத்தில் அவளுக்கு வழிவிட்டிருக்கிறது.

ஆக, மெயில் மனக்கசப்பையும் உண்டாக்கும், பேச்சையும் தொடங்கி வைக்கும். எது நடக்கும் என்பது பெரும்பாலும் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருஷமும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் கோளாறு என்றும் நினைக்க வேண்டாம். 2006 பிப்ரவரியிலேயே நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. கலிபோர்னியாவில் ஒரு முதலாண்டு மாணவர், பைண்டர் வாங்கவா, நோட்டு வாங்கவா என்று கணிதப் பேராசிரியருக்கு மெயில் போட்டுக் கேட்டிருக்கிறார். வகுப்புக்கு வராமல் இருந்துவிட்டு, நோட்ஸை அனுப்புங்கள் என்று கேட்டவரும் உண்டு. அந்தப் பேராசிரியர்களின் புலம்பலைப் படித்தால் நம் ஸ்டாஃப் ரூம் பேச்சு மாதிரியே இருக்கும்.

படி 1: இது மெயிலில் போக வேண்டிய விஷயமா?

முதலில் உங்கள் கல்லூரி எந்த மாதிரி என்று பாருங்கள். 1984-ல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய விஐடியில் இன்று பல மாநிலத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். மாணவருக்கு கல்லூரி மெயில் ஐடி உண்டு, ஆசிரியர் ஏதோ ஒரு மாடியில் கேபினில் இருப்பார். அங்கே மெயில்தான் இயல்பான வழி. ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, ஊரீசு, ஆக்சீலியம், டிகேஎம் போன்ற இடங்களில் ஆசிரியரை தினமும் வராந்தாவில் பார்க்கலாம். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், அதற்கு ஒரு சி.ஆர். (வகுப்புப் பிரதிநிதி) என்று காரியம் ஓடிவிடும். அங்கே மெயில் போடுவது என்றாலே ஏதோ முக்கியமான விஷயம் என்று அர்த்தம்.

நாளைக்கு எந்த ஹாலில் வகுப்பு என்பது மாதிரி சின்ன விஷயத்தை சி.ஆரிடம் கேளுங்கள். நவம்பர், டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டால் "நாளைக்கு காலேஜ் உண்டா" என்று ஆசிரியருக்கு மெயில் போடாதீர்கள். கலெக்டர் என்ன அறிவிப்பார் என்பது எங்களுக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியும்.

மதிப்பெண், வருகைப் பதிவு, கடைசித் தேதி, புராஜெக்ட் தலைப்பு, ஓ.டி. (கல்லூரி வேலையாக வெளியே போன நாளுக்குத் தரும் வருகை) இவையெல்லாம் மெயிலில்தான் போக வேண்டும். வராந்தாவில் நடந்துகொண்டே "மேடம், வியாழக்கிழமை தர்றேன்" என்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்காது. நான் "சரி" என்று சொன்னதை நானே மறந்திருப்பேன். மூன்று மாதம் கழித்து வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போய், கண்டோனேஷன் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள வாங்கும் கட்டணம்) கட்டச் சொல்லும்போது, அந்த இரண்டு நாள் ஓ.டி.க்கு ஒரு மெயில் இருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். இல்லாவிட்டால் யார் சொல்வது உண்மை என்று ஆகிவிடும். உறவு முறிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஃபீஸ் கட்ட முடியவில்லை, வீட்டில் கல்யாணத்துக்கு அவசரப்படுத்துகிறார்கள், படிப்பையே விட்டுவிடலாம் போலிருக்கிறது என்பதை எல்லாம் நேரில் சொல்லுங்கள். அதற்கு மெயில் இரண்டு வரி போதும்: "உங்களிடம் தனியாகப் பத்து நிமிடம் பேச வேண்டும் மேடம். எப்போது வரட்டும்?"

போன் நம்பர் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியர் தானாகத் தராத நம்பரை சீனியரிடம் வாங்கி வாட்ஸ்அப்பில் வணக்கம் சொல்லாதீர்கள். முக்கியமாக வயதில் சின்னவர்களாக இருக்கும் பெண் ஆசிரியர்கள் நம்பர் தரத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. டிபி, லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ் எதுவும் தெரியாத ஒரு பாதை இருப்பது இரண்டு பேருக்குமே நல்லது.

படி 2: எந்த ஐடி, எந்தப் பெயர்

கல்லூரி ஐடி இருந்தால் அதிலிருந்து மட்டும். இல்லாவிட்டால் உங்கள் பெயரும் இனிஷியலும் கொண்ட ஒரு ஜிமெயில் ஐடி. பத்தாம் வகுப்பில் உருவாக்கிய 'லவ்லி' 'கில்லர்' ஐடிக்களை தம்பி தங்கைகளுக்கு விட்டுக்கொடுங்கள். ஐடி நன்றாக இருந்தும் காட்டும் பெயர் 'கெத்து விக்கி' என்றே இருக்கலாம். அதை ஜிமெயில் செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். ஒரே வகுப்பில் மூன்று விக்னேஷ், நான்கு பிரியா இருக்கும் ஊர் இது. பதிவு எண் இல்லாமல் நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது.

படி 3: தலைப்பு வரி

'ரிக்வெஸ்ட்', 'அர்ஜென்ட்', 'சார் ப்ளீஸ்' இவை தலைப்பு இல்லை. பாடம், விஷயம், பதிவு எண். "கால்குலஸ் இன்டர்னல் 2: மறுதேர்வு குறித்து, 2-ஆம் ஆண்டு ஆ பிரிவு" என்று எழுதி, பதிவு எண்ணையும் சேர்த்தால் போதும். ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

படி 4: எப்படி அழைப்பது

"ஹாய் மேம்" வேண்டாம். "டியர்" என்று மட்டும் எழுதிவிட்டு காற்புள்ளி வைப்பதும் வேண்டாம். "ரெஸ்பெக்டட் சார்" என்பதை இப்போது சிலர் கிண்டல் செய்கிறார்கள், பழைய காலத்து வழக்கம் என்று. என் கணக்கில் நம் கல்லூரிகளுக்குள் அது சரியான சொல்தான், தைரியமாக எழுதுங்கள். எரிச்சல் வருவது "ரெஸ்பெக்டட் சார்/மேடம்" என்று இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதும்போது. ஒரு செமஸ்டர் எதிரில் உட்கார்ந்து கேட்டவர் ஆணா பெண்ணா என்று கூடத் தெரியாதா? அதைப் பார்த்ததும், எங்கிருந்தோ காப்பி செய்து போட்டது என்று புரிந்துவிடும்.

நம் பேராசிரியர்களுக்கு இனிஷியல் என்பது பெரும்பாலும் அப்பா பெயர். எனவே முனைவர் பட்டம் பெற்றவரை 'டாக்டர்' போட்டு அவர் பெயரைச் சொல்லி அழைக்கலாம். பட்டம் இருக்கிறதா என்று தெரியாவிட்டால் 'புரொஃபசர்' பாதுகாப்பு. வெளிநாட்டவருக்கு எழுதும்போது குடும்பப் பெயரைப் போட வேண்டும், முதல் பெயரை இல்லை. தமிழ்த் துறை ஆசிரியருக்கு "மதிப்பிற்குரிய ஐயா", "அம்மா" என்று தமிழிலேயே எழுதினால் அவர் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 5: உள்ளே என்ன எழுதுவது

இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

நம் எல்லோருக்கும் பள்ளியில் ஒரு லீவ் லெட்டர் கற்றுக்கொடுத்தார்கள். அதைத்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, நான் தங்கள் கல்லூரியில் பயின்று வருகிறேன். கடும் காய்ச்சல் காரணமாக என்னால் கல்லூரிக்கு வர இயலவில்லை. ஆகவே தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்."

ஆங்கிலத்தில் எழுதினாலும் இதேதான், கடைசியில் "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" இருக்கும். பணிவு ஏராளம், தகவல் சுத்தமாக இல்லை. எந்த நாள் வரவில்லை? 'ஆவன' என்றால் எது? லீவ் தருவதா, மறுதேர்வா, வருகையா? ஆசிரியர் திரும்ப மெயில் போட்டுக் கேட்க வேண்டும். பெரும்பாலும் கேட்க மாட்டார். மெயில் கீழே இறங்கிப் போய்விடும். பதில் வராததைப் பார்த்து, சாருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று மாணவன் முடிவு கட்டுவான்.

அதே விஷயம், இன்னொரு மாதிரி:

"வணக்கம் மேடம். நான் 2-ஆம் ஆண்டு பி.எஸ்சி. கணிதம், ஆ பிரிவு. பதிவு எண் கீழே இருக்கிறது. ஆகஸ்ட் 12, 13 இரண்டு நாளும் காய்ச்சலால் வரவில்லை. 13-ஆம் தேதி நடந்த இன்டர்னல் தேர்வை எழுத முடியவில்லை. மருத்துவச் சான்றை இணைத்திருக்கிறேன். மறுதேர்வுக்கு வாய்ப்பு உண்டா? இந்த வாரம் எந்த நாளும் மதியம் 2 மணிக்கு மேல் எனக்கு வகுப்பு இல்லை. நாளை காலை டிபார்ட்மென்ட்டில் வந்து பார்க்கிறேன். நன்றி."

நான் யார், என்ன நடந்தது, என்ன கேட்கிறேன், எப்போது வர முடியும். நான்கும் இருக்கின்றன. 'வாய்ப்பு உண்டா' என்ற கேள்வியில் முடிவு ஆசிரியர் கையில் விடப்பட்டிருக்கிறது. 'மறுதேர்வு வைக்கவும்' என்றிருந்தால் அதே விஷயம் கட்டளை. கடைசி வரியையும் கவனியுங்கள். மெயிலோடு நிறுத்தாமல் நேரில் வருகிறேன் என்கிறார். இந்த ஒரு வரிக்கு நம் ஊரில் இருக்கிற மதிப்பு, பத்து 'பணிவன்புடன்'களுக்கு இல்லை.

மெயிலில் கிண்டல் வேண்டாம். 2005-ல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர்களை மெயிலில் சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் எழுதி அனுப்பச் சொன்னார்கள். நான்கில் மூன்றுக்கு மேல் சரியாகப் புரியும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னது பாதியைச் சற்றுத் தாண்டித்தான். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்திருக்கும். எழுதும்போது நம் காதில் நம் குரல் கேட்கிறது, படிக்கிறவருக்கு அது கேட்பதில்லை. "சூப்பர் மேடம், பேப்பர் ரொம்ப ஈஸி" என்று நீங்கள் விளையாட்டாக எழுதியது என்னிடம் வரும்போது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மொழி பற்றி. ஆங்கிலம் வராது என்று மெயிலே போடாமல் இருக்கிற பிள்ளைகள் நிறைய. தமிழ் வழியில் படித்தவர் தமிழில் எழுதலாம், தமிழ் தெரிந்த ஆசிரியர் யாரும் குறை சொல்ல மாட்டார். யூனிகோடில் எழுதுங்கள். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கன்னாபின்னாவென்று தெரியும். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பதை மட்டும் நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம்தான் என்றால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். இலக்கணப் பிழைக்கு எந்த ஆசிரியரும் மார்க் குறைக்கப் போவதில்லை.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. சாட்ஜிபிடி எழுதித் தரும் மெயில். ஒரே நாளில் ஐந்து பேர் "ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்" என்று தொடங்கினால் எங்களுக்குத் தெரியாதா? 'உங்கள் பெயரை இங்கே எழுதவும்' என்ற இடத்தை நிரப்பாமலே அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். பிழை திருத்த வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் பேரணாம்பட்டுப் பெண்ணின் அந்த 'மூன்றாவது வரி, நான்காவது வரி' எந்த மென்பொருளுக்கும் தெரியாது. வகுப்பில் உட்கார்ந்திருந்த ஆள்தான் அதை எழுத முடியும். ஆசிரியர் உங்களை நினைவில் வைத்துக்கொள்வது அந்த மாதிரி ஒரு வரியால்தான்.

படி 6: இணைப்புகள்

கோப்பின் பெயர் 'டாக்1' என்று இருக்கக் கூடாது. பதிவு எண், பாடம், அசைன்மென்ட் எண். அறுபது பேர் 'டாக்1' அனுப்பினால் டவுன்லோடு செய்கிறவர் கதி என்ன?

பத்துப் பக்கத்தைப் பத்து போட்டோவாக அனுப்பாமல் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். கேம்ஸ்கேனர் 2020 ஜூனில் அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. இன்றும் பிள்ளைகள் எந்தச் செயலியில் ஸ்கேன் செய்தாலும் 'கேம்ஸ்கேனர் பண்ணிட்டேன்' என்றுதான் சொல்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது, அது போதும். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது, டிரைவ் இணைப்பாகத்தான் போகும். அந்த இணைப்புக்கு அனுமதி கொடுத்தீர்களா என்று பாருங்கள். கடைசித் தேதி இரவு அனுப்பிவிட்டு, மறுநாள் ஆசிரியர் திறக்கும்போது 'அனுமதி கேளுங்கள்' என்று வந்தால், அவர் கணக்கில் நீங்கள் அனுப்பவே இல்லை.

படி 7: சி.சி.யில் யார்?

இதை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் இதில்தான் அதிக சண்டை. ஆசிரியருக்கு எழுதும் மெயிலில் ஹெச்.ஓ.டி.யை (துறைத் தலைவரை) சி.சி. போடுவது, அதாவது அவருக்கும் ஒரு நகல் போகும்படி செய்வது, கம்பெனியில் சாதாரணமாக இருக்கலாம். நம் கல்லூரியில் அதன் பொருள் 'உன்னை மேலே போட்டுக்கொடுக்கிறேன்' என்பதுதான். மாணவன் வெகுளியாக, எல்லோருக்கும் தெரியட்டும் என்று போட்டிருப்பான். அதற்கப்புறம் அந்த ஆசிரியர் அவனிடம் சிரித்துப் பேச ஒரு செமஸ்டர் ஆகும். முதல் மெயில் அவருக்கு மட்டும். நினைவூட்டும் மெயிலும் அவருக்கு மட்டும். அதற்கும் பதில் இல்லை, விஷயமோ தேதிக்குக் கட்டுப்பட்டது என்றால், நேரில் போய் "ஹெச்.ஓ.டி. சாரிடமும் ஒரு வார்த்தை சொல்லட்டுமா மேடம்" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஆசிரியர் வகுப்புக்கே அனுப்பிய மெயிலுக்கு 'ரிப்ளை ஆல்' போட்டு "நன்றி மேடம்" சொல்லாதீர்கள். அறுபது பேர் போனிலும் அது மணியடிக்கும்.

படி 8: எப்போது அனுப்புவது, எவ்வளவு காத்திருப்பது

ராத்திரி எழுதுவது தப்பில்லை. குடியாத்தம், ஆரணி, ஒடுகத்தூர் என்று பஸ்ஸில் போய்வருகிற பிள்ளைகளுக்கு ராத்திரிதான் நேரம். எழுதிவிட்டு ஜிமெயிலின் ஷெட்யூல் வசதியில் காலை எட்டரைக்குப் போகும்படி வைத்துவிடுங்கள். கோபத்தில் எழுதியதற்கு இதில் இன்னொரு லாபம், காலையில் எழுந்து திருத்தலாம். அனுப்பிய மெயிலைத் திரும்ப இழுக்கும் 'அண்டூ' நேரமும் செட்டிங்ஸில் 30 நொடி வரை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளுங்கள்.

யுஜிசி விதிப்படி ஓர் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. அது போக விடைத்தாள், நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) கோப்புகள், அட்மிஷன் வேலை. அதனால் இரண்டு வேலை நாள் காத்திருங்கள், தேர்வு சமயம் என்றால் நான்கு நாள். அப்புறம் அதே மெயிலுக்குக் கீழேயே, புதிதாக எழுதாமல், "மேடம், பார்க்க நேரம் கிடைத்ததா?" என்று ஒரு வரி. மெயில் போட்ட பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் "மேடம் மெயில் பாருங்க" என்று அனுப்புவது இந்த ஊர் வியாதி. அதைக் கைவிடுங்கள்.

படி 9: பதில் வந்த பிறகு

பதில் "ஓகே" என்று ஒரே சொல்லாக வரலாம். கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் பஸ்ஸில் நின்றபடி அடித்திருப்பார். நீங்கள் ஒரு வரி நன்றி அனுப்புங்கள், போதும். அடுத்த முறை வகுப்பு முடிந்ததும் போய், "மேடம், மெயில் போட்டிருந்தேனே, அது நான்தான்" என்று சொல்லுங்கள். இன்பாக்ஸில் இருந்த பெயருக்கு அன்றைக்கு முகம் கிடைக்கும். மெயிலில் மட்டும் பேசி, நேரில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கஷ்டமான மூன்று மெயில்கள்

முதலாவது, மார்க். பல கலைக் கல்லூரிகளில் இன்டர்னலுக்கு 25 மதிப்பெண். அதில் இரண்டு குறைந்தாலும் மனது பதறும், புரிகிறது. விடைத்தாள் வாங்கிய அன்றே எழுதாதீர்கள். "ஏன் 12 போட்டீங்க" என்று கேட்காமல், எந்தக் கேள்வி, அதில் எந்தப் பகுதி என்று சொல்லுங்கள்: "7-ஆம் கேள்வியில் இரண்டாவது பகுதிக்கு மதிப்பெண் இல்லை. என் விடையில் எங்கே தவறு என்று தெரிந்துகொள்ள ஒருமுறை தாளோடு வந்து பார்க்கலாமா?" கூட்டலில் தவறு இருந்தால் அவரே திருத்திவிடுவார். 'என் ஃப்ரெண்டுக்கு அதே பதிலுக்கு நாலு மார்க்' என்று மட்டும் எழுதாதீர்கள். உங்களுக்கு நாலு வராது, அவனுக்கு இருப்பதும் போகும்.

இரண்டாவது, ரெக்கமண்டேஷன் லெட்டர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் படிவத்துக்கான இணைப்பை நேராக ஆசிரியரின் மெயிலுக்கே அனுப்பும். அவருடைய கல்லூரி ஐடியைக் கொடுப்பதுதான் நல்லது, ஜிமெயில் என்றால் சந்தேகப்படும் இடங்கள் உண்டு. கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பாவது கேளுங்கள். "எழுதித் தருவீர்களா" என்பதோடு, "என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதும் அளவுக்கு உங்களுக்குத் தெரியுமா" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லும் வழக்கம் நம் ஊரில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே ஆள் எழுதிய கட்டுரையும் லெட்டரும் ஒரே நடையில் இருக்கும், படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பதில் நீங்கள் செய்த புராஜெக்ட், வாங்கிய மதிப்பெண், அவர் வகுப்பில் நடந்த ஒன்றிரண்டு விஷயங்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். முடிவு வந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவருக்குச் சொல்லுங்கள். இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

மூன்றாவது, முன்பின் தெரியாத பேராசிரியருக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதுவது. நூறு பேரை, ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாதபடி பி.சி.சி.யில் போட்டு, ஒரே மெயில் அனுப்புகிற வழக்கம் இருக்கிறது. பெயர் மாறிப் போவதும் நடக்கும். ஐஐடி ஆசிரியருக்கு 'உங்கள் ஐஐஎஸ்சி ஆய்வகத்தில்' என்று போகும். அதற்குப் பதில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருடைய ஒரு கட்டுரையையாவது படித்து, அதில் புரிந்ததையும் புரியாததையும் நான்கு வரியில் எழுதுங்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னையும் பெங்களூரும் ஒரே நாளில் போய்த் திரும்புகிற தூரம்தான். 'நேரில் வந்து பார்க்கத் தயார்' என்று எழுத உங்களால் முடியும், வேறு பல ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை.

எல்லை தாண்டினால்

பெரும்பாலான ஆசிரியர்கள் கண்ணியமானவர்கள். ஆனாலும் பாடத்துக்குச் சம்பந்தம் இல்லாத மெயில், தோற்றத்தைப் பற்றிய வரி, தனியாக வரச் சொல்வது, மார்க்கோடு எதையாவது முடிச்சுப் போடுவது என்று வந்தால் அழிக்காதீர்கள். பயத்தில் முதலில் செய்யத் தோன்றுவது அதுதான். மெயிலை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து, நம்பகமான ஒருவரிடம் காட்டுங்கள். பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் 2015-ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகளும் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கின்றன. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு அந்தக் கெடுவை நீட்டிக்கலாம். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி தேட வேண்டியிருக்கும், மெயிலுக்குத் தேவையில்லை.

மாணவர் பக்கமிருந்தும் இது நடக்கிறது. பெண் ஆசிரியருக்குக் கவிதை அனுப்புவதை அன்பு என்று நினைப்பவர்களுக்கு: அதையும் நாங்கள் அழிப்பதில்லை.

சக ஆசிரியர்களுக்குக் கொஞ்சம்

முதல் வகுப்பிலேயே, எந்த நாள் எந்த நேரம் மெயில் பார்ப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள், பாதித் தொல்லை தீரும். மாணவர் எழுதிய மெயிலை வகுப்பில் படித்துக் காட்டிச் சிரிக்க வைக்காதீர்கள். அவன் மட்டும் இல்லை, அன்று வகுப்பில் இருந்த யாருமே உங்களுக்கு அடுத்த மெயில் எழுத மாட்டார்கள். 'நோட்டட்' என்று மட்டும் பதில் போடுவதைவிட, "பார்த்துவிட்டேன், வெள்ளிக்கிழமை சொல்கிறேன்" என்று நாலு சொல் போட்டால் முதல் தலைமுறைப் பிள்ளை அன்று நிம்மதியாகத் தூங்கும்.

கல்லூரி முடியும்போது

கடைசி செமஸ்டரில் மறக்கிற வேலை ஒன்று. கல்லூரி ஐடியைப் படிப்பு முடிந்ததும் மூடிவிடும் இடங்கள் உண்டு. எந்தத் தேதியில் மூடுவார்கள் என்று டிசி வாங்கப் போகும்போது கேட்காதீர்கள், அதற்கு ஒரு மாதம் முன்பே ஆபீஸில் கேளுங்கள். கூகுள் ஐடி என்றால், கல்லூரி அனுமதித்திருந்தால், டேக்அவுட் வசதியில் மெயில் முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் முக்கியமான மெயில்களை மட்டும் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். பிறகு நீங்கள் தொடர்பில் இருக்க விரும்பும் இரண்டு மூன்று ஆசிரியர்களுக்கு உங்கள் சொந்த ஐடியில் இருந்து ஒரு மெயில் போடுங்கள்: பெயர், படித்த ஆண்டு, பதிவு எண், இனி இந்த முகவரியில் கிடைப்பேன் என்ற வரி. பதிவு எண்ணை விட்டுவிடாதீர்கள். நான்கு விக்னேஷ் ஒரே வருஷம் படிப்பு முடித்துப் போனார்கள்.